லேபலில் உள்ள நம்பர்

ஸுல்பிகா நண்பகல் ளுஹர் தொழுது முசல்லா விரிப்பை மடிக்கும்போது அவள் கணவர் ஜவுபரின் போன் அடித்தது. ஜவுபரை அடக்கம் செய்தாகிவிட்டது, போனுக்கு அது தெரியாது. அவள் இத்தாவில் இருக்கிறாள், அந்நிய ஆண்கள் முன் வராமல் விதவை வீட்டோடு இருக்கும் நாலு மாதமும் பத்து நாளும். ஏழாம் நாள் கத்தம் ஓதியதோடு சனமெல்லாம் கலைந்துவிட்டது. கட்டாரில் இருக்கும் மகள் றுஸ்னா வெள்ளிக்கிழமை கூப்பிடுவாள், பிள்ளை அழுகிறதென்று பாதியில் வைத்துவிடுவாள். மற்றபடி வீட்டில் சத்தம் போடுவது மின்விசிறி மட்டும்தான்.

வெளிநாட்டிலிருந்து பீப்பாயில் அசிட் இறக்கி, கல்முனையில் போத்தலில் அடைத்து, குளியலறை கழுவ விற்றவர் ஜவுபர். இறக்குமதி என்றால் சும்மாவா? என்ன சரக்கு, எவ்வளவு வீரியம், மேலில் பட்டால் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் பத்திரம் கொடுத்துத்தான் அனுமதி வாங்க வேண்டும். லேபலில் மூன்று மொழியிலும் எச்சரிக்கை, இறக்கியவரின் பெயர், ஆபத்துக்கு அழைக்க ஒரு நம்பர். பேருக்கு ஒரு நம்பரைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கும் வியாபாரிகள் உண்டு. இந்த மனுசன் தன் சொந்த நம்பரைப் போட்டார், சோற்றில் கை வைத்தபடியே பதிலும் சொன்னார். பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு ஸுல்பிகாவுக்கு எல்லாம் பாடம்.

இப்போது வியாபாரத்தைப் பார்ப்பது அவர் தம்பி றினாஸ். நேற்று அவள் அறைத் திரைக்கு வெளியே நின்று சொல்லிவிட்டுப் போனான்.

"மதினி, அந்தப் போன ஓஃப் பண்ணி வைங்க. இத்தாவில இரிக்கிற நீங்க அந்நிய ஆம்புளயளோட கதைச்சா ஊரு என்ன சொல்லும்? புது லேபல்ல நம்பர மாத்திருவம்."

ஓம் என்றாள். ஓஃப் செய்யவில்லை. அதையும் அணைத்துவிட்டால் இந்த வீட்டில் அவர் எங்கேதான் இருப்பார்?

அடித்து ஓய்ந்த போன் மறுபடி அடித்தது. எடுத்தாள்.

"ஐயா, தம்பிலுவில்ல இருந்து தம்பிமுத்து. என்ட மனிசி உங்கட அசிட்டோட புளீச்சையும் கலந்து ஊத்திப்போட்டா. மூச்செடுக்க ஏலாம இருமுறா!"

"வெளிய கொண்டு வாங்க! காத்துப் படுற இடத்துல இருத்துங்க. மறுகா ஆரும் உள்ள போகவேணாம். ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க, அங்க அசிட்டும் புளீச்சும் எண்டு சொல்லுங்க."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு தம்பிமுத்துவே மறுபடி அழைத்தார்.

"இப்ப பறவாயில்ல அம்மா, கதைக்கிறா. ஐயா இல்லயா?"

"மௌத்தாகிட்டார்."

ஊருக்கெல்லாம் தெரிந்த செய்தி. அவள் வாயால் சொல்ல வேண்டி வந்ததே இல்லை.

"அப்ப நீங்க தனியாவா அம்மா இருக்கிறீங்க?"

இதை ஒருவரும் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

அந்தியில் மஃரிப் தொழுகைக்கு முன் றினாஸ் வந்து புது லேபலைத் திரைக்கு அடியால் தள்ளினான். நம்பருக்குரிய இடம் வெறுமையாக இருந்தது.

"என்ட நம்பரப் போடவா, மதினி?"

"அடிச்சா எடுப்பீங்களா, தம்பி?"

"கடையில சனம் நிக்கக்குள்ள எப்பிடி..." என்று இழுத்தான்.

"அப்ப அவர்ட நம்பரே இரிக்கட்டும்."

"எடுக்கிறது ஆரு?"

திரைக்குக் கீழே அவன் பாதங்கள் தெரிந்தன. அவள் மடியில் போன் அடித்தது, தெரியாத நம்பர். வெள்ளைச் சேலையில் அதன் வெளிச்சம் விழுந்தது.

"ஓம், சொல்லுங்க" என்றாள்.

பாதங்கள் போகவுமில்லை, அசையவுமில்லை.