பரிமாறாத இரண்டு

பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. எங்கள் சோபா சுவரை ஒட்டிக் கிடக்கிறது, அதற்கு நான் என்ன செய்வது?

அந்த வீட்டு மருமகள் போனில் புலம்பிக்கொண்டிருந்தாள். “ரெண்டும் பரிமாறவே மாட்டேங்குது. நாளைக்குப் புரொபசர்கிட்ட என்னத்தைக் காட்டறது? இன்னொரு வருஷம் இழுத்துடும்.”

மாமியார் தையல்காரி; மருமகள் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. சாப்பாடுகூடப் பரிமாறாத அளவுக்குச் சண்டை முற்றிவிட்டதா? பஞ்சாயத்துக்குப் புரொபசர் வேறு. வழியில் பார்த்த இரண்டொருவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, கத்தரிக்கோல் கேட்கும் சாக்கில் போய் நின்றேன். பரிமாறாததைப் பற்றியும் பக்குவமாகக் கேட்டேன்.

மாமியார் மெஷினை நிறுத்தாமலே சிரித்தாள். “சாப்பாடு இல்லக்கா, கணக்கு. அவளையே கேளுங்க.”

“பந்து உருளுதுல்ல ஆன்ட்டி, அந்தப் பழைய இயக்கவியலை குவாண்டம் கணக்கோட பாஷையில எழுதறேன். குவாண்டத்துல இடம், உந்தம் ரெண்டையும் வரிசை மாத்திப் பெருக்கினா விடை மாறும். அதைத்தான் பரிமாறாதுன்னு சொல்வோம். பந்துக்கு மாறக் கூடாது. எனக்கு மாறுது.”

“மாறினா என்னடி?”

“அது பந்தே இல்ல. என் ஆராய்ச்சியும் ஆராய்ச்சி இல்ல.”

எல்லாம் விளங்கியவள்போல் தலையாட்டி வைத்தேன். சண்டை இல்லை என்பதில் எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

“பாப்பா, சாப்பிட வா,” என்றாள் மாமியார்.

மருமகளும் எழுந்தாள், மெஷினுக்கடியில் படுத்திருந்த பூனையும் எழுந்தது. அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் அதே செல்லப்பெயர்.

பூனையைப் பார்த்தபடி அவள் அப்படியே நின்றாள். பிறகு தாளை இழுத்தாள். “அத்தை, நானும் இதைத்தான் பண்ணியிருக்கேன். குவாண்டத்துல, இடத்தை வச்சு வகையிடறதுதான் உந்தம். பந்துக் கணக்குல அந்த வகையிடறது வேற ஆளு, உந்தம் வேற ஆளு. பழக்கதோஷத்துல ரெண்டுக்கும் ஒரே எழுத்தை வச்சுட்டேன்.”

“பூனைக்கு வச்சதை நீ தின்ன கதை,” என்றாள் மாமியார்.

ஒன்றுக்கு வேறு எழுத்து வைத்து மறுபடி போட்டாள். இடத்தையும் உந்தத்தையும் எப்படிப் புரட்டிப் பெருக்கினாலும் விடை அசையவில்லை. அத்தையைக் கட்டிக்கொண்டு ஆடியதில் ஊசி யாரையோ குத்தியது, யாரும் கவலைப்படவில்லை.

மறுநாள் புரொபசரும் சரி என்றுவிட்டாராம். தெருவில் எல்லோரும் என்னைத்தான் விசாரித்தார்கள்.

“ரெண்டும் இப்போ நல்லாப் பரிமாறுது,” என்றேன்.

மாமியாரும் மருமகளும் சமாதானமாகிவிட்டதாக எல்லோருக்கும் நிம்மதி. குவாண்டத்தை இழுத்து அதைக் கெடுப்பானேன்?