முதல் சார்ஜ் உனக்குத்தான்

மீட்டரில் சிவப்பு விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்தபோது உமாராணி சிரித்துக்கொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் பதறிப்போயிருப்பாள். பின்னால் மீன் பெட்டிகளில் ஐஸ் சொட்டிக்கொண்டிருக்கிறது. விளாத்திகுளம் வரைக்கும் விலக்குக்கு விலக்கு, ஊருக்குப் பிரியும் ரோட்டு முனையில் எல்லாம், மீன்கார அக்காமார் காத்துக்கிடக்கிறார்கள். நடுரோட்டில் பேட்டரி உயிரை விட்டால் அவ்வளவுதான்.

ஆனால் இன்றைக்கு வேம்பார் விலக்கில் சார்ஜிங் ஸ்டேஷன் திறக்கிறார்கள். டீசல் வண்டியை விற்றுவிட்டு இந்தக் கரண்ட் லோடு ஆட்டோவை வாங்கியதே அதை நம்பித்தான்.

"ராத்திரி வீட்ல பிளக் போடாத உமா. காலியா கொண்டு வா. காலியில இருந்து ஏறுறதத்தான் எங்க மேலதிகாரிக்குக் காட்டணும். முதல் சார்ஜ் உனக்குத்தான்." நேற்று போனில் ஷாம் சொன்னது.

ஷாம் அந்த ஸ்டேஷன் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்ப்பவன், ஈவாஞ்சலின் டீச்சரின் மகன். உமாராணியோடு ஒரே வகுப்பில் படித்தவன். டீச்சரிடம் படிக்காத வீடு இந்தப் பக்கம் கிடையாது. அதனால் அவர் மகன் சொன்ன சொல்லை இங்கே யாரும் உரசிப் பார்ப்பதில்லை.

போன மாதம் அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் கூடவே வந்தான். எவ்வளவு பெரிய மெஷின் வைப்பது என்று கணக்குப் பார்க்கவாம். எந்த வள்ளம் எப்போது கரை தொடும், எந்த ஏலக்காரர் நியாயமானவர், எந்த அக்காவுக்கு என்ன மீன் ஓடும் என்று கேட்டுக்கொண்டே வந்தான். கரையில் மீன் வண்டிக்காரர்கள் தங்கள் வழியை உடன்பிறந்தவனுக்குக்கூடச் சொல்லமாட்டார்கள். அதுதான் அவர்களுடைய கைமுதல். டீச்சர் மகன் கேட்டான் என்று உமாராணி ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

ஸ்டேஷன் வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ஆட்டோவை உள்ளே திருப்பப் போனவளை காவலாளி கையைக் காட்டி மறித்தான்.

"கம்பெனி வண்டிக்கு மட்டும்தான்."

"ஏலே, ஷாம் வரச் சொன்னாரு. முதல் வண்டியே என்னதுதான்."

"முதல் வண்டி ஏறிக்கிட்டிருக்கு. அந்தா பாருங்க."

பார்த்தாள். மதில் சுவருக்குள்ளே வெள்ளை வெளேரென்று புது வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாம் மூடிய பெட்டி வைத்த ஐஸ் வண்டிகள். பக்கவாட்டில் நீல எழுத்தில் 'கடல் மீன், நேரே உங்கள் ஊருக்கு' என்று எழுதியிருந்தது. முதல் வண்டியின் வயிற்றில் சார்ஜர் செருகியிருந்தது.

அதன் டிரைவர், வெளியூர்ப் பையன், தலையை நீட்டினான்.

"அக்கா, நீங்க இந்தப் பக்கம்தானே? சூரங்குடி விலக்குல டெல்பின் அக்கான்னு ஒருத்தங்க நிப்பாங்களாம். ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

டெல்பின் அக்கா பஸ் ஸ்டாப்பில் நிற்பதில்லை. முழங்கால் மடங்காததால், பெட்டியை இறக்கத் தோதாக, கொஞ்சம் தள்ளி, ரோட்டுக்கு அடியில் ஓடை போகிற கல்வெர்ட்டுப் பக்கம் நிற்பாள். அது உமாராணிக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனுக்கும் தெரியும்.

ஷாம் வேகமாக வந்தான். கூடவே கோட்டு போட்ட ஒருவர்.

"வாங்க மேடம். கொஞ்சம் ஓரமா நிறுத்துறீங்களா?"

மேடமா! பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பென்சில் சீவித் தந்த உமாவை!

கோட்டுக்காரர் நகர்ந்ததும் அவள் ஷாமைப் பிடித்துக்கொண்டாள். "என்னல இது? ஊருக்கு ஸ்டேஷன்னு சொல்லித்தான நாங்க எல்லாரும் டிரான்ஸ்பார்மர் கேட்டு கரண்ட் ஆபீசுக்கு நடையா நடந்தோம்?"

"முதல்ல அப்படித்தான் பிளான். உங்க நாலு ஆட்டோவை நம்பி இவ்வளவு பெரிய மெஷின் கட்டுப்படியாகாதுன்னுட்டாங்க. நான் என்ன செய்ய?"

"என் வழியையும் அவங்கதான் கேட்டாங்களா?"

ஷாம் அவள் பின்னால் இருந்த மீன் பெட்டிகளை எட்டிப் பார்த்தான்.

"சரி, கோவத்த விடு. பெட்டியெல்லாம் நம்ம வண்டியில மாத்திருவோம். உன் வண்டி இனி நகராது. மீன் கெட்டுப் போகும்லா?"

அந்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது. காலியாகக் கொண்டு வா. இன்றைக்கு அவள் ஓடக்கூடாது. திறக்கிற அன்றே அக்காமார் கையில் மீனைக் கொடுப்பது வெள்ளை வண்டியாக இருக்கவேண்டும்.

"அதுக்குத்தான் பிளக் போடாதன்னியா?"

ஷாம் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ சூப்பர்வைசரா சேந்துரு உமா. நான் பேசுதேன். இதை மட்டும் அம்மாகிட்ட..."

"போதும்ல. வாயக் கழுவு."

போன் அடித்தது. டெல்பின் அக்கா.

"ஏளா, எங்கன நிக்க? வெயில் ஏறுது. இன்னைக்கு சாளை மீன் இருக்குன்னு ஊர் பூரா சொல்லி வச்சிட்டேன்."

உமாராணி பெட்டிகளைப் பார்த்தாள். உள்ளே இருப்பது அவள் மீன் இல்லை, அக்காமார் சொல்லி வைத்து, அவர்களுக்காக அவள் ஏலத்தில் எடுத்தது. ரோஷத்துக்கு அதை வெயிலில் வேகவிட முடியாது.

"வருதுக்கா. மீன் வருது."

அவளே ஏறி, ஒவ்வொரு பெட்டியாக வெள்ளை வண்டிக்கு மாற்றினாள். ஷாம் கைகொடுக்க வந்தான். அவள் பார்த்த பார்வையில் பின்வாங்கினான்.

"தம்பி, கல்வெர்ட்டுக்குக் கிழக்குப் பக்கம் நிப்பாங்க," என்றாள் டிரைவரிடம். "பெட்டிய நீதான் இறக்கிக் குடுக்கணும். அவங்களால குனிய முடியாது."

வெள்ளை வண்டி சத்தமே இல்லாமல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறிப் போயிற்று.

ஷாம் அந்த சார்ஜரை இழுத்துக்கொண்டு வந்தான். "வீடு போய்ச் சேரவாவது ஏத்திக்கோ. என் கார்டுல போடுதேன்."

"என் வண்டியத் தொட்டே, கைய முறிச்சிருவேன்."

ஹேண்டிலை ஒரு கையால் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஆட்டோ லேசாக உருண்டது. காலி வண்டி, கனக்கவே இல்லை.