மாப்பிள்ளையின் இடது கை

எனக்குக் கோழி இறைச்சி நல்ல விருப்பம். ஆனாலும் இருபத்தேழு வருடமாக மாட்டிறைச்சிதான் கேட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். 'மா' என் வாயில் இலேசாக வரும். 'க' வராது. தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். திக்குகிறவனுடைய சாப்பாட்டை நாக்கின் ருசி தீர்மானிப்பதில்லை.

அப்படிப்பட்டவனுக்குத் தில்லையடி மண்டபத்தில் நிகாஹ். மணப்பெண் பஹ்மிதாவின் வாப்பா அத்தாஉல்லா மாமா என் வலது கையைப் பிடித்துக்கொண்டார். மகளைத் தருகிறேன் என்று அவர் சொன்னதும், ஏற்றுக்கொண்டேன் என்பதற்கு அறபியில் 'கபில்து' என்று நான் தொடங்க வேண்டும்.

ஒரு மாதம் குளியலறையில் பழகினேன். அங்கே பிழையில்லாமல் வந்தது. அங்கே முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கவில்லை.

மாமா சொல்லி முடித்தார். மௌலவி மைக்கை என் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

"க..."

கதவு சாத்தியாயிற்று.

கையை இழுத்துக்கொண்டு ஓடவும் முடியாது. மாமா உப்பளத்தில் வேலை செய்தவர், பிடி அப்படி. சாட்சிகள் இருவரும் சந்தியில் பஸ்ஸைப் பார்ப்பதுபோல என் வாயையே பார்த்தார்கள்.

பக்கத்தில் வாப்பாவின் தம்பி, இஸ்ஹாக் சாச்சா. நான் தொடங்கும் சொற்களை முடித்துவைப்பது அவருடைய சமூக சேவை. ஒருமுறை டாக்டரிடம் என் காதுவலியைக் கால்வலியாக முடித்துவைத்தார். ஒரு கிழமை முழங்காலுக்கு எண்ணெய் பூசினேன். அன்றும் அவருக்கு மனசு பொறுக்கவில்லை.

"கபில்து!" என்றார், மைக்கில், தெளிவாக.

திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் நடுவிலிருந்து அவர் மனைவி அஸீஸா சாச்சியின் குரல் வந்தது: "யா அல்லாஹ், அது எங்கட மனிசன்ட கொரலெல்லா?"

"நான் புள்ளய ஒங்களுக்குக் குடுக்கல்ல, இஸ்ஹாக் நானா," என்றார் மாமா.

"பாவம் எண்டு ஒத்தாசைக்குச் சென்னன்!"

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவின் பிடி தளரவில்லை. மௌலவி என் காதருகே குனிந்தார்.

"தம்பி, கஷ்டப்பட வாணாம். தமிழ்ல 'ஏத்துக்கிட்டேன்' எண்டு செல்லுங்க, போதும். இல்லாட்டி ஒங்களுக்குப் பதிலாச் செல்ல சாச்சாவ வக்கீலா வெக்கலாம்."

'ஏ' எனக்கு நன்றாக வரும். மாட்டிறைச்சியும் நன்றாகத்தான் வந்தது.

பஹ்மிதாவோடு போனில் கதைத்த எட்டு மாதத்தில் அவள் என் ஒரு சொல்லையும் முடித்துவைத்ததில்லை. "நீங்க செல்லுங்க, நான் நகம் வெட்டிக்கிட்டு ஈக்கிறன்," என்பாள். திரைக்குப் பின்னால் அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளையும் இலேசாக வருகிற சொல்லால் ஏற்றுக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

"இ... இல்ல," என்றேன்.

சாச்சா மறுபடி வாயைத் திறந்தார். வலது கை மாமாவிடம் இருந்தது. இடது கை என்னிடம்தான் இருந்தது. அதனால் அவர் வாயைப் பொத்தினேன். தாடி குத்தியது.

"க... க... க..."

முந்நூறு பேரும் இப்போது என்னோடு உள்ளே அகப்பட்டிருந்தார்கள். ஒரு குழந்தை அழுது, பால் குடித்து, தூங்கியும்விட்டது. சட்டை முதுகோடு ஒட்டியது. நான் கதவைத் தள்ளவில்லை. விலகிப் போகவும் இல்லை. முன்னாலேயே நின்றேன்.

"...கபில்து."

மீதியும் வந்தது, தட்டுத்தடுமாறித்தான். மாமா கையை விட்டார். அதற்குப் பிறகுதான் நான் சாச்சாவின் வாயை விட்டேன்.

சாப்பாட்டுக்கு ஒரே சஹன் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம். பஹ்மிதாவின் தம்பி கரண்டியோடு வந்தான்.

"மச்சான், மாடா, கோழியா?"

"கோ..."

எதிரே இருந்த சாச்சா வாயைத் திறந்தார். என் இடது கையைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"கோ... கோ..."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. யாரும் கை வைக்கவில்லை. நான் அவசரப்படவுமில்லை.