கார் நிறுத்துமிடத்தில் ஒரு படுக்கை

"இன்னும் கொஞ்சம் இழுங்க அக்கா. டக்குனு ஒரு சத்தம் வரும்," என்றான் முருகேசன்.

குமுதினி பலகையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துப் பின்னுக்குச் சாய்ந்து இழுத்தாள். காருக்குப் பின்னால் இழுத்துவந்த ட்ரெய்லரின் வயிற்றுக்குள்ளிருந்து படுக்கைத் தட்டு அரையடி வந்து நின்றுவிட்டது. மறுபக்கம் நின்ற மகள் தர்ஷினி உள்ளே குனிந்து எதையோ தட்டிவிட, தட்டு ஒரேயடியாக வெளியே வந்து குமுதினியை மூன்றடி பின்னுக்குத் தள்ளியது. மடிந்து கிடந்த துணி மேலெழும்பிக் கூடாரமாயிற்று.

கண்ணாடிக் கதவுக்கு அப்பால், கட்டிலில் சாய்ந்திருந்த அவள் கணவர் கோபாலகிருஷ்ணன் சிரிப்பது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

அவரை அந்த ஹொஸ்பிஸுக்குக் கொண்டுவந்து பதினொரு நாட்களாகியிருந்தன. இனி மருந்தால் ஆவது ஒன்றுமில்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உறவினர் தங்குவதற்கு அங்கே ஓர் அறைதான் இருந்தது. அதில் வேறொரு குடும்பம். குமுதினி பதினொரு இரவும் கட்டிலருகே நாற்காலியில் இருந்தாள். வீடு ஈஸ்ட் ஹாமில்தான், காரில் இருபது நிமிடம். போய்ப் படுத்துவிட்டு வா என்று எல்லோரும் சொன்னார்கள். அவள் போகவில்லை. கடைசி இரண்டு நாட்களாக அவளுக்குப் பேச்சே குழறத் தொடங்கியிருந்தது. தேநீரில் சீனி போட்டோமா இல்லையா என்பதுகூட நினைவில் நிற்கவில்லை. அவர் ஏதாவது கேட்டால், கேள்வி முடிவதற்குள் கண் சொருகிக்கொண்டு போனது.

வியாழக்கிழமை பார்க்க வந்த முருகேசன் அந்த நாற்காலியைப் பார்த்தான். அவன் மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவன். கோபாலகிருஷ்ணன் பதினாலு வருடம் பஸ் ஓட்டிய கராஜில் எஞ்சினியர். பள்ளிக்கூட விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போகவென்று மடக்கி விரிக்கும் ட்ரெய்லர் ஒன்று வைத்திருந்தான். அன்று அவன் குமுதினியிடம் எதுவும் சொல்லவில்லை. நேரே பொறுப்பு நர்ஸிடம் போய், அறைக்கு வெளியே ட்ரெய்லரை நிறுத்த இடம் கேட்டான். நர்ஸ் சம்மதித்தாள். ஒரு நிபந்தனை மட்டும்: வார நாட்களில் டாக்டர்மாரின் கார்களுக்கு அந்த இடம் வேண்டும், ஆகவே காலையில் மடக்கிவிட வேண்டும். அதனால்தான் சனிக்கிழமை ட்ரெய்லரைக் கொண்டுவந்து விட்டதோடு போகாமல், அம்மாவுக்கும் மகளுக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"இப்ப மேல ஏறலாமா?" என்று கேட்டான்.

தர்ஷினி ஓம் என்று தலையாட்டினாள்.

"ஏறுனா கவுந்துரும். முதல்ல இந்தக் காலை ஊனணும்." படுக்கைத் தட்டின் அடியில் மடங்கியிருந்த இரும்புக் கால்களை இறக்கி, கையால் அமுக்கிக் காட்டினான். "வேற எதை மறந்தாலும் பரவால்ல அக்கா. இதை மறக்கக்கூடாது."

அதன்பிறகு மெத்தைகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது, உள்துணியின் கொக்கிகளை எந்தக் கம்பியில் மாட்டுவது என்றெல்லாம் காட்டினான். ஒருமுறை எல்லாவற்றையும் மடக்கச் சொல்லி, திரும்பவும் விரிக்கச் சொன்னான். இரண்டாம் தடவை குமுதினி தானாகவே கால்களை இறக்கி, அவன் செய்ததுபோல அமுக்கிப் பார்த்தாள். பிறகு அவன் உள்ளே போய்க் கோபாலகிருஷ்ணனின் காலைத் தொட்டு, "வர்றேன் அண்ணே," என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டான். குமுதினி கார் வாசலைத் தாண்டும்வரை நின்று பார்த்தாள்.

அறைக்குள் வந்ததும் கோபாலகிருஷ்ணன் விரலால் வெளியே காட்டினார்.

"போய்ப் படு."

"இரவைக்குப் படுக்கிறன்."

"இப்ப படு. நான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

பஸ் ஓட்டிய காலத்தில் அவருடைய வேலை விடியப்புறம் நாலு மணிக்குத் தொடங்கும். அவள் எழும்பிவிடுவாள் என்று, உடுப்பை முதல் நாளே எடுத்துப் படிக்கட்டுக் கைப்பிடியில் போட்டுவைத்து, இருட்டிலேயே மாற்றிக்கொண்டு போவார். சப்பாத்தை வாசலில்தான் போடுவார். பதினாலு வருடத்தில் அவரால் அவள் விழித்தது நாலைந்து நாள்கூட இராது. அதைப்பற்றி அவர்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

நர்ஸும் தர்ஷினியும் சேர்ந்து கட்டிலைக் கண்ணாடிக் கதவோடு நகர்த்திவைத்தார்கள். குமுதினி அவருக்குத் தெரியட்டும் என்று கூடாரத்தின் ஒரு பக்கத் துணியைச் சுருட்டிக் கட்டிவிட்டு ஏறிப் படுத்தாள். அஞ்சு நிமிடம் படுத்துக் காட்டிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள். துணியில் வெயில் பட்ட மணம் வந்தது. தலையைத் திருப்பினாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்விழித்தபோது மணி இரண்டரை. மூன்றரை மணித்தியாலம் போயிருந்தது. அவள் பதறிப்போய் வெறுங்காலுடன் ஓடிவந்தாள். அவர் அப்படியேதான் சாய்ந்திருந்தார். மகள் பக்கத்தில் இருந்தாள்.

"எழுப்பப் போனன் அம்மா. அப்பா விடேல்லை," என்றாள் தர்ஷினி.

"நித்திரை கொண்டனியோ?" என்று அவர் கேட்டார்.

"ஓம். நல்லா."

"குறட்டை இஞ்சை வரைக்கும் கேட்டது."

அவள் சிரித்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தபோது, பல நாட்களுக்குப் பிறகு தலைக்குள் எல்லாம் தெளிவாக இருந்தது. அவருடைய கையிலிருந்த நரம்புகளும், இடது புருவத்தில் நரைத்திருந்த இரண்டு மயிரும் தெரிந்தன. அவள் பேசினாள். ட்ரெய்லர்ப் படுக்கை எவ்வளவு மெத்தென்றிருந்தது என்று சொன்னாள். அப்டன் பார்க்கில் மூன்று குடும்பம் சேர்ந்து இருந்த வீட்டில் அவர்கள் படுத்த கட்டிலின் கம்பி முதுகில் குத்தியதைச் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒருதரம், "நல்ல பெடியன் முருகேசன்," என்றார்.

"ஓம், நல்ல பெடியன்."

"எங்களுக்கு எல்லாரும் நல்லாத்தான் வாய்ச்சினம்," என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "நீயும்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நாலரைக்கு மூச்சு இடைவெளி விட்டு விட்டு வரத் தொடங்கியது. நர்ஸ் வந்து பார்த்து, இனி இப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள். தர்ஷினி அவருடைய காலடியில் இருந்தாள். குமுதினி கையைப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு மூச்சையும் அவள் கேட்டாள். ஒன்றையும் தவறவிடவில்லை. ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை.

அவள் திருநீறு பூசிவிட்டாள். தர்ஷினி அழுதுகொண்டே ரொறன்ரோவிலிருக்கும் மாமாவுக்குப் போன் எடுத்தாள். அவரைக் கொண்டுபோகிறவர்கள் ஏழு மணிக்கு வந்து, பணிவாக ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுச் செய்து, கொண்டுபோனார்கள்.

அவருடைய உடுப்புகளைப் பையில் அடுக்கும்போது, எதிர் அறைக்குப் புதிதாக ஒரு நோயாளியைக் கொண்டுவருவதைக் குமுதினி கண்டாள். பின்னால் அறுபது வயதிருக்கும் ஒரு ஜமெய்க்காப் பெண் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். நோயாளி அவளுடைய தங்கையாம். அந்தப் பெண் கோட்டைக்கூடக் கழற்றாமல், கட்டிலருகே இருந்த நாற்காலியில் அமர்ந்தாள்.

குமுதினி முருகேசனுக்குப் போன் செய்தாள். செய்தியைச் சொன்னாள். பிறகு ட்ரெய்லரைப் பற்றி ஒன்று கேட்டாள்.

"இருக்கட்டும்கா. எத்தனை நாளானாலும் இருக்கட்டும்," என்றான்.

அவள் நர்ஸிடம் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணை வெளியே கூட்டிவந்தாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், வார நாட்களில் மடக்க வேண்டும் என்பதைச் சொன்னாள். ஒரு பக்கத் தட்டை உள்ளே தள்ளி, திரும்ப இழுக்கச் சொன்னாள். குனிந்து இரும்புக் கால்களை இறக்கி அமுக்கிக் காட்டினாள். அந்தப் பெண்ணும் குனிந்து அமுக்கிப் பார்த்தாள். இருவருமாகப் புது விரிப்பைப் போட்டு நான்கு மூலையும் செருகினார்கள்.

ஒரு மணித்தியாலம் படுங்கோ, தங்கச்சிக்கு ஏதும் என்றால் நர்ஸ் வந்து எழுப்புவா என்று குமுதினி சொன்னாள். அந்தப் பெண் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு மேலே ஏறினாள்.

குமுதினி வெளியே நின்று, சத்தம் வராமல், கூடாரத் துணியின் ஸிப்பை மெல்ல மெல்ல இறக்கினாள்.

இருளத் தொடங்கியிருந்தது. தர்ஷினி பைகளை ஏற்றிவிட்டுக் காரைக் கிளப்பினாள். முன்விளக்கின் வெளிச்சம் கூடாரத் துணியில் போய் விழுந்தது. குமுதினி கையை உயர்த்தி, விளக்கை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினாள்.