வேர் விட்ட ஒரே துண்டு

ஆஸ்பத்திரிக் கழிவறையின் வாஷ்பேசினில் வெள்ளை வேர்கள் மிதந்தன.  மினோரி நகம் வெட்டும் கத்தரியால் வேரைக் கணுவோடு சேர்த்து நறுக்கியிருந்தாள். கணு போனால் மணிபிளாண்ட் மறுபடி வேர் விடாது. தெரிந்துதான் நறுக்கினாள்.

சற்று முன் கீழே லிஃப்ட் வாசலில் கியோகோ அத்தைதான் ஆரம்பித்தாள். மினோரி கையில் செடித் துண்டு வைத்த கண்ணாடிக் குவளையைப் பார்த்ததுமே அவள் முகம் மாறிவிட்டது.

"வேரோடவா எடுத்துட்டு வந்தே? நோயாளிய பாக்க வர்றவங்க கொண்டு வர்ற பொருளா இது? 'வேர் பிடிக்கறது'ன்னு சொல்லிப் பாரு, 'படுத்த படுக்கையாறது'ன்னு சொல்லிப் பாரு. நம்ம ஜப்பானியத்துல ரெண்டுக்கும் 'நெத்சுகு'ங்கற ஒரே சத்தம்தானே காதுல விழுது. உங்கம்மாவ இங்கயே நட்டு வைக்கப் போறியா?"

"அம்மாதான் கேட்டாங்க, அத்தை."

"அவ கேப்பா. உனக்கு எங்க போச்சு புத்தி?"

அம்மா கேட்டது நிஜம். இங்கே வந்து சேர்ந்த புதிதில் போனில் சிரித்தாள்: "வீட்டுல செடி ஜன்னலையே மூடியிருக்குமே. வெயில் உள்ள வரணும்னா அதுகிட்டதான் அனுமதி கேக்கணும். வெட்டித் தண்ணியில போட்டு வை. அது வேர் விடறதுக்குள்ள நான் வந்துடுவேன்."

மினோரி செடியை மொட்டையடித்தாள். கணு என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாது. இலை இலையாகக் காம்போடு கிள்ளிப் போட்டதெல்லாம் அழுகிப்போயின. ஜன்னலைத் துடைப்பதற்காகத் தொட்டியைப் பால்கனியில் வைத்தவள் எடுக்க மறந்தாள். உறைபனியில் தாய்ச்செடியும் கருகிவிட்டது. தப்பித் தவறிக் கணுவோடு வந்த ஒரே ஒரு துண்டு மட்டும் வேர் விட்டது.

அம்மா வரவில்லை.

இப்போது மேலே வார்டில் அம்மா வேர் போன அந்த இலையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மணிக்கட்டு குச்சியாக இருந்தது.

"நல்லாத்தான் வளத்திருக்கே." காம்பின் நுனியை விரலால் தடவினாள். "வேர் விட்டுடுச்சுன்னு சொன்னியே, எங்க?"

"அத்தை கூடாதுன்னாங்க. அதான்…"

"ஓ, அதுவா." அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அதிலிருந்து இருமல். "உங்கத்தை நாக்குக்கு நானே பயப்படுவேன். சரி, வீட்டுல வேற இருக்குல்ல?"

மினோரி கட்டில் காலைப் பார்த்தபடி நின்றாள். புரிந்துகொண்ட அம்மா இலையை மடியில் வைத்தாள்.

"நான்தான் ஏற்கெனவே படுத்தாச்சே," என்றாள். "அதையாவது விட்டு வெச்சிருக்கக் கூடாதா?"