நாலாவது பாரா

நீதிமன்றப் படிக்கட்டுக்குக் கீழே, மாடி ஏறுகிறவர்களின் செருப்புத் தூசி தலையில் விழும் இடத்தில், ஒரு மேசையும் கம்ப்யூட்டரும் போட்டு இருபது வருஷமாக மனு டைப் செய்கிறேன். அடிதடி வழக்கில் சமரச மனு என்றால் என்னை மிஞ்ச ஆளில்லை. வக்கீல்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நாலாம்பாரா' என்பார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தாலும்.

சின்ன அடிதடி வழக்கெல்லாம் தீர்ப்பில் முடியும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நூற்றில் ஐந்தோ ஆறோ அப்படி முடியும். மற்றதெல்லாம் வராந்தாவில்தான். அடி வாங்கியவர் 'மன்னித்துவிட்டேன்' என்று மனு கொடுப்பார், மாஜிஸ்திரேட் ஒரு கேள்வி கேட்பார், வழக்குக் கட்டை மூடி அலமாரியில் வைத்துவிடுவார்கள். அந்த மனுவுக்கு என்னிடம் ஒரு மாதிரி இருக்கிறது. ஐந்து பாரா. பெயர், தேதி, வழக்கு எண் மாற்றினால் போதும். நாலாவது பாரா மட்டும் என் சொந்தச் சரக்கு. 'எனக்கு ஏற்பட்ட காயம் எதிர்த்தரப்பினர் அடித்ததால் ஏற்பட்டதல்ல. என் கவனக்குறைவால் நானே மோதிக்கொண்டதால் ஏற்பட்டது.' எதில் மோதினார் என்பதற்கு மட்டும் ஓர் இடம் காலியாக விட்டிருப்பேன். கதவு, சுவர், படி, சைக்கிள் என்று ஆளுக்குத் தகுந்தபடி நிரப்புவேன். இதைப் படித்ததும் மாஜிஸ்திரேட்டுகளுக்கு நிம்மதி வந்துவிடும். அடியே விழவில்லை என்றால் அப்புறம் என்ன கேள்வி? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரே வாக்கியம் போதும் என்று கண்டுபிடித்தவன் நான்.

என் தங்கை ஒரு தையல் கம்பெனியில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், காலரைத் திருப்பித் தைத்துவிட்டாள் என்று அங்கே இருந்த சூப்பர்வைசர், துணி வெட்டும் மேசையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து அவள் இடது மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்தது. அடியாத மாடு படியாது என்பது அந்த ஆள் அடிக்கடி சொல்வதாம். அன்றைக்கும் சொன்னாராம். இருபது பெண்கள் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு வழக்கு கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். ஒரு நாள் மாஜிஸ்திரேட் லீவு, ஒரு நாள் சூப்பர்வைசருக்கு வயிற்றுவலி, ஒரு நாள் டாக்டர் வரவில்லை. சாட்சி நான்கு பேர். ஒருத்தி அந்த நேரம் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். இன்னொருத்தி பாத்ரூமில் இருந்தாளாம். மீதி இருவர் தங்கை வீட்டுக்கே வந்து, சாட்சி சொன்னால் வேலை போய்விடும் என்று அழுதார்கள். அவர்களைத் திட்டவும் அவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் அரசு வக்கீலே சொல்லிவிட்டார். “சாட்சி இல்லாத கேஸும்மா. தோத்தா அந்த ஆளுக்குத்தான் கொண்டாட்டம். சமாதானமா போயிடு.”

அடுத்த வாய்தா அன்று காலை தங்கை என் மேசைக்கு வந்தாள்.

“அண்ணா, விட்டுடறேன். மன்னிச்சுட்டேன்னு எழுது, கையெழுத்து போடறேன். ஆனா அந்த ஆளு அடிக்கலைன்னு மட்டும் எழுதாத.”

“சரி.”

“சும்மா சரின்னு சொல்லாத. உன் நாலாவது பாரா எனக்குத் தெரியும்.”

“அதான் சரின்னுட்டேனே. எனக்குப் பாடம் எடுக்கறியா?”

கோணலாகக் கூடிய மணிக்கட்டை மேசை விளிம்பில் வைத்துக்கொண்டு நின்றாள். கேட்டது அது ஒன்றுதான்.

அதற்குள் எதிர்த்தரப்பு வக்கீல் கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். “நாலாம்பாரா, அடுத்தது நம்ம கேஸு. சீக்கிரம், சீக்கிரம்.” மாதிரியைத் திறந்தேன். பெயரை மாற்றினேன், தேதியை மாற்றினேன், எண்ணை மாற்றினேன். காலி இடத்தைப் பார்த்ததும் விரல் தானாக 'தையல் இயந்திரத்தில்' என்று நிரப்பியது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். மறப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும். அண்ணன் டைப் செய்தது என்று அவளும் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

மாஜிஸ்திரேட் புதிதாக மாற்றலாகி வந்தவர். மனுவை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் உள்ளவர். நான் கதவோரம் நின்றிருந்தேன். நாலாவது பாராவை அவர் படித்ததும் தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள்.

“இதெல்லாம் உன் வார்த்தைதானாம்மா?”

“இல்லீங்க ஐயா. எங்க அண்ணனோட வார்த்தை.”

வக்கீல்கள் சிரித்தார்கள். படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் அண்ணன் யார் என்று அவர்களுக்குத் தெரியும். மாஜிஸ்திரேட்டும் சிரித்தார்.

“டைப் பண்ணது அண்ணன், சரி. கையெழுத்து உன்னோடதா?”

“ஆமாங்க.”

“யாரும் கட்டாயப்படுத்தலையே?”

அவள் மறுபடி என்னைப் பார்த்தாள். 'ஐயா, தப்பு என்னுடையது, அந்தப் பாரா கூடாது' என்று நான் சொல்லியிருக்கலாம். இன்னொரு தேதி போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் நாலாம்பாராவே தப்புப் பண்ணிவிட்டான் என்று வராந்தா முழுக்கப் பேசுவார்களே என்று தோன்றியது. கூடப் பிறந்தவளின் கையைவிட எனக்கு அது பெரிதாகப் போயிற்று. வாயைத் திறக்கவில்லை.

“இல்லீங்க,” என்றாள். மூன்று நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. சூப்பர்வைசர் போகிற போக்கில் எனக்கு ஒரு கும்பிடு போட்டார்.

பன்னிரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பதின்மூன்றாம் நாள் வந்து ஒரு கடிதத்தை மேசைமேல் வைத்தாள். கம்பெனிக் கடிதம். இயந்திரத்தில் கவனக்குறைவாக நடந்து தனக்குத் தானே காயம் உண்டாக்கிக்கொண்டதை நீதிமன்றத்தில் அவளே ஒப்புக்கொண்டதால், மற்றவர்களின் பாதுகாப்பைக் கருதி வேலையிலிருந்து நீக்குகிறார்களாம். நடுவில் என் பாரா முழுசாக இருந்தது, முற்றுப்புள்ளி உட்பட.

“ஏழு நாள்ல பதில் குடுக்கணுமாம். நான் சொல்றேன், நீ டைப் பண்ணு. மாதிரியத் திறக்காத.”

வெறும் பக்கத்தைத் திறந்தேன். எங்கே தொடங்குவது என்று என் விரல்களுக்குத் தெரியவில்லை. அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“சூப்பர்வைசர் இரும்பு ஸ்கேலால என் கைய உடைச்சார். இருபது பேர் பார்த்தாங்க. கோர்ட்டுல குடுத்த மனுவுல இருக்கற நாலாவது பாரா நான் சொன்னது இல்ல. எங்க அண்ணன் எழுதினது. வேண்டாம்னு சொல்லியும் எழுதினான்.”

என் கை நின்றது. “கடைசி வரி வேணுமா?”

“வேணும்.”

“இத யாராவது கோர்ட்டுல கொண்டு போய்க் காட்டினா என்னைத் தூக்கிடுவாங்க. இந்த மேசையே போயிடும்.”

“எனக்கு மிஷின் போயிடுச்சு,” என்றாள்.

டைப் செய்தேன். அச்சில் எடுத்துக் கொடுத்தேன், பேனாவையும் நீட்டினேன். அவள் பேனாவை வாங்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வரி வரியாக விரல் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள்.