தாய்மாமன் பவுடர்

வில்லாபுரத்தில் ஒரு தகரக் கொட்டகையில் நான் குழந்தைப் பவுடர் செய்து விற்றுக்கொண்டிருந்தேன். மாக்கல் தூள், ரோஜா வாசனை, வேர்க்குருவில் கிருமி பிடிக்காமலிருக்கக் கொஞ்சம் போரிக் பவுடர். ஆஸ்பத்திரியிலேயே கண் கழுவக் கொடுக்கிற மருந்துதானே, அதில் என்ன கெடுதல் என்று பேசித் திரிந்த பெரிய அறிவாளி நான்.

வாடிப்பட்டியில் கட்டிக்கொடுத்த என் தங்கை பாண்டியம்மாளுக்கு எட்டு வருஷம் கழித்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில், ஆண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் சீராக வெள்ளி அரைஞாண் கொடி, தொட்டில், கூடவே நானே கலந்த பவுடர் ஒரு பெரிய டப்பா கொண்டுபோனேன். கடைச் சரக்கில் ஒரு கரண்டிதான் போரிக் போடுவேன். நம் வீட்டுப் பிள்ளையாயிற்றே என்று இதில் அள்ளி அள்ளிப் போட்டிருந்தேன்.

சித்திரை வெயிலில் குழந்தைக்குத் தொடை இடுக்கெல்லாம் புண்ணானது. பாண்டியம்மாள் வேளைக்கு வேளை புண்மேலேயே பவுடரைக் கொட்டினாள். உடம்பு சிவக்கச் சிவக்க இன்னும் கொட்டினாள். மாமன் கொடுத்தது அல்லவா.

தோல் உரிந்து, பால் தங்காமல், வலிப்பும் கண்ட பிறகுதான் மதுரைக்குத் தூக்கி வந்தார்கள். நானும் ஓடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பாண்டியம்மாள் கையிலிருந்த டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தார்.

"இதுல போரிக் கலந்திருக்கா? புண்ணு வழியா உள்ள போனா குழந்தைக்கு அது விஷம்."

அப்போதுதான் நான் அள்ளி அள்ளிப் போட்டது நினைவுக்கு வந்தது. தங்கை புருஷன் கருத்தக்கண்ணன் முந்திக்கொண்டான். "மச்சான் கைப்பட செஞ்சதும்மா. சுத்தமான சரக்கு."

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவன் முகத்துக்கு முன்னால் அது எனக்கு வாயில் வரவில்லை.

"இல்லம்மா. மாக்கல்லும் வாசனையும். அம்புட்டுத்தான்."

டாக்டரம்மா டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வேறு நோய்க்கு மருந்து எழுதினார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போய்த் திரும்பினேன். நான் கோழை, அதற்கு வேறு பெயர் கிடையாது. மறுநாள் மத்தியானம் குழந்தை போய்விட்டது.

வீட்டில் குளிப்பாட்டித் துணியில் கிடத்தியிருந்தார்கள். எடுக்கப்போகும் நேரத்தில் பாண்டியம்மாள் அந்த டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே போட்டு விடுங்கண்ணே. மாமன் பவுடர்னா கையக் கால ஆட்டிச் சிரிப்பான்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உரிந்த தோல் மறையும்வரை போட்டேன்.